நாள்பட்ட வலியும் யோக சிகிச்சையும்: அறிந்து தொடங்குவோம்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், பெங்களூரு ஆஸ்டின் டவுனில் உள்ள நமது வங்கிக் கிளைக்கு ஓய்வூதியர்களின் வருகை மிகும். உயிர்வாழ் சான்று அளிக்க வரும் பெரியவர்கள் பலர், நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு கையை முழங்காலிலும் மறு கையை இடுப்பிலும் ஊன்றியே எழுகின்றனர். "மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தேன்" என்று அவர்கள் கூறக் கேட்கிறோம். கவுண்டரின் இப்புறம் நாள் முழுதும் கணினி முன் அமர்ந்திருக்கும் நமக்கும் கழுத்துவலியும் இடுப்புவலியும் புதியன அல்ல.

வலி நிவாரண மாத்திரை தவறன்று. ஆனால் மருத்துவரைக் கேளாமல், மருந்துக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் உட்கொண்டால், அவற்றுள் பல வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளோருக்கு இந்த ஆபத்து மேலும் கூடும். எனவே மருந்துக்குத் துணையாக வேறு வழி உண்டா என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

வலியின் இயல்பு

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்பர். வலி, உடலுணர்வாக இருப்பதோடு மன அனுபவமாகவும் இருக்கிறது என்பதே மருத்துவ உலகம் ஏற்ற வரையறை. குனிந்தால் வலிக்குமோ என்று அஞ்சுகிறோம், அசைவைக் குறைக்கிறோம், தசைகள் இறுகுகின்றன, உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டவருக்கு மறுநாள் வலி மேலும் கடுமையாகிறது. இந்தச் சுழலை அறுக்க, தசைக்கு மட்டும் சிகிச்சை அளித்தால் போதாது. உடல், மூச்சு, மனம் ஆகிய மூன்றையும் ஒருங்கே அணுகுவதே யோக சிகிச்சை.

நம் மண்ணின் அனுபவம்

1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகம் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சார்யா, பின்னர் சென்னையில் வாழ்ந்தார். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஒருவரின் வயது, நோய், வலிமை ஆகியவற்றை அறிந்து அவருக்கேற்ற பயிற்சியைத் தனித்தே வகுப்பது இம்மரபின் சிறப்பு.

பெங்களூருக்குத் தெற்கே, ஜிகனி அருகிலுள்ள சுவாமி விவேகானந்த யோக ஆய்வு நிறுவனம், தைத்திரீய உபநிடதம் கூறும் ஐந்து கோசங்களின் அடிப்படையில் தன் சிகிச்சை முறையை அமைத்துள்ளது. அந்நிறுவனத்தார் நாள்பட்ட இடுப்புவலியுள்ள 80 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. ஒரு குழுவினர் தங்கியிருந்து ஒரு வாரம் யோகம் பயின்றனர். மறு குழுவினர் அவ்வாறே தங்கி, இயன்முறைப் பயிற்சிகளைச் செய்தனர். யோகக் குழுவினரின் இயலாமை கூடுதலாகக் குறைந்தது. முதுகின் நெகிழ்வும் கூடுதலாக வளர்ந்தது. ஒரு வாரப் பயன் நிலைக்க வேண்டுமாயின், வீட்டிலும் பயிற்சி தொடர வேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது. அமெரிக்க மருத்துவர்களின் கல்லூரி 2017-இல் வெளியிட்ட நெறிமுறையும், நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்தைத் தொடங்குமுன் பரிசீலிக்கத்தக்க வழிகளுள் யோகத்தைச் சேர்த்துள்ளது.

தொடங்கும் முறை

முதலில் மருத்துவரைக் கண்டு வலியின் காரணத்தை அறிய வேண்டும். கால் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவை இருப்பின் யோகம் தொடங்கும் நேரம் அதுவன்று. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்து, பயிற்சியளிப்பவரிடம் நம் நோய்கள் அனைத்தையும் கூற வேண்டும். கண் அழுத்த நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளோர் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். எலும்பு மெலிந்தோர் முதுகை வளைத்து ஆழக் குனிதல் ஆகாது. உட்கொள்ளும் மருந்தைத் தாமாக நிறுத்துதலும் ஆகாது.

தொடக்கப் பயிற்சி மிக எளியது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை இழுக்கையில் கைகளை மெல்ல உயர்த்தி, விடுகையில் தாழ்த்தலாம். பின்னர் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின்மேல் வைத்து, மூச்சை நீளமாக வெளிவிட்டுச் சில நிமிடங்கள் ஓய்வு கொள்ளலாம். தரையில் அமர்ந்து எழ இயலாதோர் கட்டிலிலேயே இதைச் செய்யலாம். நாள்தோறும் 15 நிமிடம் போதும். வலி கூடினால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

பயனைக் கணக்கிடுவோம்

'வலி போயிற்றா?' என்று மட்டும் கேட்பவர் விரைவில் சோர்வடைவார். மேற்கூறிய ஆய்வில் இயலாமையை அளந்த வினாத்தாள், எவ்வளவு நேரம் அமர முடிகிறது, நிற்க முடிகிறது, எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது, உறக்கம் எவ்வாறுள்ளது என்பனவற்றையும் கேட்கிறது. நாமும் ஒரு குறிப்பேட்டில் வாரந்தோறும் இவற்றை எழுதலாம். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண்ணும் இடலாம். வரவு செலவை எழுதி வைப்பவருக்கே தம் நிலை தெரியும் என்பது நம் தொழில் கற்பித்த பாடம். எட்டு வாரம் கழித்து அந்த ஏட்டை மருத்துவரிடம் காட்டினால், மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்வார்.

ஆஸ்டின் டவுன் வாசிகளுக்கு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் அருகிலேயே உள்ளது; அங்கு யோக சிகிச்சைக்கும் இடமுண்டு. மருத்துவக் காப்பீடு உள்ளோர் தம் பத்திரத்தில் ஆயுஷ் சிகிச்சை குறித்த விதியைப் படித்தல் நலம். பொதுவாக மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே அது பொருந்தும். யோக வகுப்பின் மாதக் கட்டணத்தை அதிலிருந்து எதிர்பார்க்க இயலாது.

இறுதியாக ஒன்று. வலியோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உயிர்வாழ் சான்றை முக அடையாளம் வழியாகக் கைபேசியிலேயே அளிக்கலாம். 70 வயதைக் கடந்தோருக்கு வீட்டுவாசலில் வங்கிச் சேவை பெறும் வசதியும் உண்டு; கிளையில் கேட்டறியலாம். கிளைக்கு வருவதே விருப்பமெனில், அடுத்த நவம்பரில் முழங்காலில் கை ஊன்றாமல் எழுந்து வாருங்கள். மகிழ்வோடு வரவேற்கக் காத்திருக்கிறோம்.