இலண்டன் மண்ணும் எமது அடுக்களையும்



சென்ற புரட்டாசி மாதத்தில் வகுப்பொன்றிலே, "முருங்கைக்காய் எங்கே காய்க்கும்?" என்று வினவினோம். "கடையில்" என்றான் ஒரு சிறுவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அவன் கண்டதையே சொன்னான். ஆயின், அவன் வீட்டுப் பின்வளவில் காய்த்து நிற்கும் அப்பிள் மரத்தின் இனம் யாதென்றும் அவனுக்குத் தெரியவில்லை. ஊர் மண்ணையும் அறியாது, நிற்கும் மண்ணையும் அறியாது வளரும் பிள்ளைக்குப் பட்டம், பாத்தி, பிஞ்சு, முற்றல் என்னும் சொற்களை எவ்வாறு புரிய வைப்பது? ஆதலின் இம்மலரில் உணவையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்தில் பருவத்தை மழை வகுக்கின்றது. இங்கே ஒளியும் குளிரும் வகுக்கின்றன. ஆனி மாதத்தில் இலண்டனிற் பகற்பொழுது ஏறத்தாழ 16½ மணி நேரம். மார்கழியில் 8 மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. ஆகவே "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை நம்பி இங்கே ஆடியில் விதைத்தால், பெரும்பாலான பயிர்கள் காய்க்குமுன் குளிர் வந்துவிடும். இலண்டனுக்குப் பட்டம் சித்திரையும் வைகாசியுமே. அதிலும் அவசரம் கூடாது. சித்திரை முதல் வாரத்திலேயே கத்தரி, மிளகாய் நாற்றுகளை வெளியில் நட்டு, ஒரே இரவின் உறைபனியில் அனைத்தையும் இழந்தவர் நாம். பக்கத்துத் துண்டில் தோட்டஞ் செய்த ஆங்கிலேய முதியவர் ஒன்றுஞ் சொல்லாது பார்த்திருந்தார். மறு கிழமை தம் கண்ணாடிக் கூட்டிலிருந்து நான்கு தக்காளிக் கன்றுகளைக் கொண்டுவந்து தந்து, "மே நடுப்பகுதி வரை பொறுங்கள்" என்றார். தொழிலிற் பல்லாண்டு ஆசிரியராயிருந்த எமக்கு அன்று மாணவர் வேலை.

அவரும் நாமும் தோட்டஞ் செய்த நிலத்தை இங்கே 'அலொற்மென்ற்' என்பர். குடிமக்கள் பயிர் செய்வதற்கென உள்ளூராட்சிச் சபைகள் சிறு வாடகைக்கு விடும் நிலத்துண்டு அது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. முழுத்துண்டு ஒன்று 10 றொட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். றொட் என்பதும் பேர்ச் என்பதும் ஒரே அளவே. எமது ஊரின் வரகுப் பரப்புக் கணக்கில் ஒரு பரப்பும் 10 பேர்ச் தான்! வீட்டில் அப்பப்பா, அம்மப்பா இருப்பின் பரப்புக் கணக்கை அவர்களிடம் கேட்டறியுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்நாட்டு மக்கள் பூந்தோட்டங்களைக் கொத்தி உருளைக்கிழங்கும் கோவாவும் நட்டனர். 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. எம் நாட்டில் 1990இன் பின் வடக்கே பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், வளவில் நின்ற முருங்கையும் பனையும் எத்தனையோ குடும்பங்களின் வயிற்றைக் காத்தன. விமானமேறி வரும் முருங்கைக்காயை வாங்க வேண்டாமென நாம் கூறவில்லை, நாமும் வாங்குகின்றோம். ஆயினும் இங்கு விளைவதைச் சமைக்கத் தெரியாதிருத்தல் ஒரு குறையே.

மாரிகாலத்தை எடுத்துக்கொள்வோம். உறைபனியிலும் சாயாது நிற்பது லீக்ஸ். நுவரெலியாவிலிருந்து வந்த லீக்ஸை ஊரிலேயே உண்டிருக்கிறோம். மடல்களுக்கிடையில் மண் இருக்குமாதலால் நன்கு கழுவி, மெல்லியதாக அரிந்து, கடுகு, செத்தல் மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூச் சேர்த்து வறை செய்யலாம். 'கேல்' என்னும் சுருளிலைக் கீரையும் சுண்டலுக்கு உகந்தது. தை மாதத்தில் ஊரிலே பனங்கிழங்கு கிண்டுவோம். இங்கே பாஸ்னிப் கிண்டுகின்றனர். உறைபனி பட்டபின் அக்கிழங்கின் மாப்பொருள் சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறுகின்றது. பனங்கிழங்கின் நாரும் மணமும் அதற்கில்லை, பால்கறிக்குக் குறைவுமில்லை.

ஆடிப்பிறப்பன்று கூழுங் கொழுக்கட்டையுங் காய்ச்சும் வழக்கத்தை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாடலால் எம் மாணவர் அறிவர். அந்நாளையொட்டி இங்கே செந்நிறப் பூப்பூக்கும் ரன்னர் போஞ்சி காய்க்கத் தொடங்கும். பிஞ்சிலே ஆய்ந்து, நாரை உரித்து, நன்றாக அவித்தே உண்ணல் வேண்டும். ஒடியற்கூழுக்குப் பயற்றங்காய் கிடையாதபோது அதனை முறித்துப் போடுகின்றோம்.

தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. பங்குனி, சித்திரையில் ருபார்ப் என்னும் செடியின் சிவந்த தண்டு கிடைக்கும். அதன் புளிப்பு பருப்புக்கு நன்று. ஆனால் கீரை என்றெண்ணி அதன் இலையைச் சமைத்துவிடாதீர்கள். இலையில் ஒட்சாலிக் அமிலம் மிகுதி, அது நஞ்சு. முதலாம் உலகப் போர்க்காலத்தில் உணவுத் தட்டுப்பாட்டினால் அவ்விலையை உண்ட ஆங்கிலேயரே தீங்குற்றனர்.

முன்னர்க் குறிப்பிட்ட சிறுவன் மறுவாரம் ஒரு காயைக் கொண்டுவந்தான். பச்சை நிறம், பெரிய உருவம், பல்லைக் கூசவைக்கும் புளிப்பு: பிறாம்லி அப்பிள். 1809இல் சவுத்வெல் என்னும் ஊரில் மேரி ஆன் பிறெயில்ஸ்போட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து முளைத்த மரமே இவ்வினத்தின் தாய். பெயரோ, பின்னாளில் அவ்வீட்டை வாங்கிய இறைச்சிக் கடைக்காரருடையது! நட்டவள் பெயரை உலகம் மறந்துவிட்டது. நீங்களாவது நினைவில் வைத்திருங்கள்.

அக்காயில் மாங்காய்க் கறி போலவே கறி வைக்கலாம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பாலும் மிளகாய்த்தூளுஞ் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். சிறிது சர்க்கரையும் இடலாம். மாங்காயைப் போல முதலிலேயே போட்டால் கரைந்து களியாகிவிடும். ஆகையால் தடித்த துண்டுகளாக வெட்டி, கறி தடித்தபின் இறுதியிற் போட்டு, துண்டு குழையுமுன் இறக்குக.