மென்பொருள் சோதனைக் களம்: தானியங்கி முறையின் தேவை

ஓய்வூதியம், வரி, உணவுப் பங்கீடு முதலிய அரசுப் பணிகள் இன்று கணினி மென்பொருளைச் சார்ந்தே நடைபெறுகின்றன. மென்பொருளில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் நடைமுறைக்கு வருமுன் தனிச் சோதனைக் களத்தில் ஆராயப்படுதல் வேண்டும். அக்களம் நடைமுறைக் கணினியை முற்றும் ஒத்திருந்தாலன்றிச் சோதனை முடிவை நம்புவதற்கில்லை.

கணினிகளை ஒவ்வொன்றாகக் கையால் அமைக்கும்போது அவற்றிடையே வேறுபாடு நுழைந்துவிடுகிறது. அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் எட்டுக் கணினிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாது விடுபட்டது. 2012 ஆகஸ்டு 1 அன்று, சுமார் 45 நிமிடங்களில், அந்நிறுவனம் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. மற்ற ஏழு கணினிகளை எவ்வளவு சோதித்திருப்பினும் எட்டாவதன் குறை புலப்பட்டிராது.

தானியங்கி முறையில், வேண்டிய இயக்க அமைப்பு, தரவுத்தளம், அவற்றின் பதிப்புகள் ஆகியவை ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. கணினியே அதனைப் படித்துக் களத்தை அமைக்கிறது. பணி முடிந்ததும் கலைத்துவிடுகிறது. 2013இல் வெளிவந்த டாக்கர் போன்ற கருவிகள் இதனை எளிதாக்கியுள்ளன.

எனினும், கோப்பில் பிழையிருப்பின் அது எல்லாக் களங்களிலும் பரவும். ஆதலின் மற்றோர் அலுவலர் அதனைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. குடிமக்களின் உண்மை விவரங்களைச் சோதனைக்குப் பயன்படுத்துதலும் தவிர்க்கத்தக்கது. இம்முறைக்கு ஆகும் செலவினும், நிரற்பிழையால் முதியவர் ஒருவரின் ஓய்வூதியம் நின்றுபோவதன் இழப்பே பெரிது.