பழைய விக்கியை இடம் மாற்றுவோர் கவனத்துக்கு

வார்டு கன்னிங்காம் 1995 மார்ச்சில் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றினார். அடுத்த பத்தாண்டுக்குள் விக்கி மென்பொருள்கள் வரிசையாக வந்தன: யூஸ்மாட்விக்கி, மொயின்மொயின், பிஎம்விக்கி, மீடியாவிக்கி, 2004-இல் டோக்குவிக்கி, டிட்லிவிக்கி. பலரும் ஹோஸ்டிங்கில் கொஞ்சம் இடம் வாங்கி, சமையல் குறிப்பு, வம்சாவளி, படித்த புத்தகம், வேலைக்கு வேண்டிய கட்டளைகள் என்று எல்லாவற்றையும் சொந்த விக்கியில் எழுதிவைத்தார்கள். அவற்றில் பல இன்றும் அதே பழைய பதிப்பில் ஓடுகின்றன. நின்றுபோனவையும் உண்டு.

நின்றுபோனதற்கு உரிமையாளர் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. சர்வரில் பிஎச்பியைப் புதுப்பித்தாலே போதும். 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 7, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசுவதற்கு முன்பு பலரும் பயன்படுத்திய பழைய கட்டளைகளை அடியோடு எடுத்துவிட்டது. மொயின்மொயின் 1.9 பைதான் 2-இல் எழுதியது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. விக்கி நின்ற பிறகு பதற்றத்தில் மாற்றுவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போதே நிதானமாக மாற்றுவது எவ்வளவோ மேல்.

காப்பாற்ற வேண்டியவை எழுத்து, திருத்த வரலாறு, பக்க முகவரி. நிறத்தையும் லோகோவையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதில் பாதி தானாகவே விளங்கும்.

செய்ய வேண்டியவை

• முதலில் ஸ்பேமைக் களையுங்கள், பிறகு பூட்டுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்திருந்த பழைய விக்கிகளில் மருந்து விளம்பரமும் சூதாட்ட லிங்க்கும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். அந்தப் பக்கங்களையும் அவற்றை எழுதிய போலிக் கணக்குகளையும் பழைய இடத்திலேயே நீக்கிவிடுங்கள். அது முடிந்ததும் விக்கியைப் படிக்க மட்டும் என்று மாற்றுங்கள். மீடியாவிக்கியில் இதற்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். பூட்டாமல் நகல் எடுத்தால், எடுத்த பிறகு யாராவது சேர்த்த வரி புது இடத்துக்கு வராது. வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது.

• நகலை இரண்டு விதமாக எடுங்கள். டேட்டாபேஸையும் கோப்புகளையும் அப்படியே எடுப்பது ஒன்று. ஒவ்வொரு பக்கமும் பிரவுசரில் தெரிகிறபடி எச்டிஎம்எல்லாகச் சேமிப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விக்கி எழுத்து தனியாக இருந்தால் அது பக்கம் ஆகாது. வார்ப்புருவை விரித்து, அட்டவணையைக் கட்டி, படத்தைப் பொருத்துவது அந்தப் பழைய நிரல்தான். அது இல்லாமல் போன பிறகு, ஒரு பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த எச்டிஎம்எல் மட்டுமே சாட்சி. டபிள்யூகெட் போன்ற கருவியைக் கொண்டு எடுக்கும்போது ‘தொகு’, ‘வரலாறு’, ‘வேறுபாடு’ லிங்க்குகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சின்ன விக்கிகூட ஆயிரக்கணக்கான கோப்புகளாகப் பெருகிவிடும்.

• இருப்பதைக் கணக்கெடுங்கள். எத்தனை பக்கம், எத்தனை படம், எந்தெந்த வார்ப்புரு, எந்தெந்த பிளக்இன் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருப்பதிலேயே சிக்கலான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணை, அடிக்குறிப்பு, படம், வார்ப்புரு, தமிழ்த் தலைப்பு எல்லாம் அதில் இருந்தால் நல்லது. அந்தப் பக்கத்தை முதலில் மாற்றிப் பாருங்கள். அது தேறினால் மற்றவை தேறும்.

• திருத்த வரலாற்றையும் கூட எடுத்துச் செல்லுங்கள். இன்றைய எழுத்து மட்டும் போதும் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. வம்சாவளிப் பக்கத்தில் பெரியப்பா தன் கையால் சேர்த்த வரி எது, பின்னால் நாம் திருத்தியது எது என்பதை வரலாறு மட்டுமே சொல்லும். நண்பர்கள் எழுதிய பக்கமென்றால், யார் எழுதியது என்பதற்கான பதிவும் அதுதான். மீடியாவிக்கியிலிருந்து மீடியாவிக்கிக்கு என்றால் வேலை எளிது; எல்லாத் திருத்தங்களையும் எக்ஸ்எம்எல்லாக எடுக்கவும் மறுபடி ஏற்றவும் அதிலேயே ஸ்கிரிப்ட் இருக்கிறது. டோக்குவிக்கி பழைய பதிப்புகளைச் சுருக்கிய கோப்புகளாக ‘அட்டிக்’ என்ற ஃபோல்டரில் வைக்கிறது. பக்கங்களை மட்டும் நகலெடுத்து அட்டிக்கை விட்டுவிட்டால் வரலாறு போய்விடும். பிஎம்விக்கி ஒரு பக்கத்தின் வரலாற்றை அந்தப் பக்கத்தின் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். புது மென்பொருளில் பழைய வரலாற்றை ஏற்ற வழியே இல்லையென்றால் ஒவ்வொரு திருத்தத்தையும் அதன் பழைய தேதி, எழுதியவர் பெயரோடு கிட் களஞ்சியத்தில் ஒரு பதிவாகப் போட்டுவிடுங்கள். பழைய தேதியைக் கொடுக்க கிட் இடம் தருகிறது.

• பழைய மீடியாவிக்கி என்றால் இடையில் ஒரு படி நின்று ஏறுங்கள். 1.36 பதிப்பு வந்ததிலிருந்து, மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே தாவுவதற்கு ஆதரவு கிடையாது. முதலில் 1.35-க்கு வந்து, டேட்டாபேஸைப் புதுப்பித்து, பிறகு 1.43 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குப் போக வேண்டும். இரண்டு படிக்கும் தேவைப்படும் பிஎச்பி வேறு வேறு. அதனால் வேலையைச் சொந்தக் கணினியில் டாக்கரில் செய்து முடித்து, விளைவை மட்டும் சர்வருக்கு ஏற்றுங்கள்.

தமிழ்ப் பக்கங்கள் இருந்தால்

இங்கேதான் அதிக இழப்பு நேர்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

• பழைய மைஎஸ்கியூஎல் அட்டவணைகள் ‘லத்தீன்1’ என்று அறிவித்திருக்கும். உள்ளே இருப்பதோ யூனிகோடு பைட்டுகள். பழைய விக்கி இரண்டையும் கண்டுகொள்ளாமல் அப்படியே எடுத்து அப்படியே காட்டியது, அதனால் தமிழ் சரியாகத் தெரிந்தது. இப்போது வழக்கமான முறையில் நகல் எடுத்தால், கருவி அதை உண்மையிலேயே லத்தீன் என்று நம்பி இன்னொரு முறை யூனிகோடாக மாற்றும். மேலே கோடு விழுந்த ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ இட்ட குறியும் மாறி மாறி வந்தால் நடந்தது இதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். நகலெடுக்கும்போதே எழுத்துமுறை லத்தீன்1 என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பைட்டுகள் மாறாமல் வரும். ஏற்றும்போது யூனிகோடு என்று சொல்லுங்கள். குழம்பிய எழுத்தைப் பெரும்பாலும் திருப்பி எடுத்துவிடலாம். எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் அந்த நகலில் எழுத்தே இல்லை என்று பொருள். அதோடு மல்லுக்கட்டாமல் மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள். மூலத்தை அழிக்கக்கூடாது என்பது இதனால்தான்.

• புது டேட்டாபேஸில் நான்கு பைட் யூனிகோடைத் தேர்ந்தெடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட்டோடு நின்றுவிடும். வழக்கமான தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கும். ஆனால் 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் எமோஜிகளும் அதில் அடங்காது.

• டோக்குவிக்கிக்குப் போகிறீர்களென்றால், முதல் பக்கத்தை ஏற்றுவதற்கு முன்பே கோப்புப் பெயர் அமைப்பைப் பாருங்கள். இயல்பாக அது பெயரைச் சதவீதக் குறிகளாக மாற்றிச் சேமிக்கும். அப்படிச் செய்யும்போது மெய்ப்புள்ளி, உயிர்க்குறி உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒன்பது இடம் போய்விடும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் என்பதால் இருபத்தேழு, இருபத்தெட்டுக் குறிக்கு மேல் தலைப்பு வைக்க முடியாது. பெயரை நேரடி யூனிகோடில் வைக்கும்படி அமைத்தால் அதைப்போல மூன்று மடங்கு இடம் கிடைக்கும். பக்கங்களை ஏற்றிய பிறகு மாற்றினால் கோப்புகளுக்கெல்லாம் மறுபெயரிட வேண்டிவரும்.

• ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் தலைப்புகளைத் தனியாகச் சோதியுங்கள். ‘கொ’வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பமைப்பு இதை இரண்டாகப் பிரித்துத்தான் சேமித்தது. அப்படி வந்த ‘கொழுக்கட்டை’ படத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், கோப்பு கண் முன்னே இருக்கும், பக்கத்தில் படம் வராது. ஏற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புப் பெயர்களையும் பக்க எழுத்தையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

• யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, டேப், பாமினி பக்கங்கள் இருந்தால் அவற்றைத் தனியே பிரித்து, எந்த எழுத்துரு என்று குறித்து, பக்கம் பக்கமாக மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் லிங்க்குகளும் சிதையும்.

• யூஸ்மாட் காலத்து விக்கிகள், பெரிய எழுத்துகளால் ஒட்டிய ஆங்கிலப் பெயரைத் தானாகவே லிங்க்காக்கின. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் தமிழ்ப் பக்கங்களுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருப்பார்கள். இப்போது தமிழ்த் தலைப்பு வைக்கலாம், வைக்க வேண்டும். பழைய பெயரையும் வழிமாற்றாக விட்டுவையுங்கள்.

செய்யக்கூடாதவை

• மாற்றும்போதே திருத்தாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது இதைத்தான். பழைய பக்கங்களைப் பார்க்கும்போது கை அரிக்கும்: இரண்டைச் சேர்க்கலாம், பகுப்பை மாற்றலாம், எழுத்துப்பிழையைத் திருத்தலாம். ஒரே ஒரு பக்கத்தைத் தொட்டாலும், கடைசியில் கணக்கு ஒத்துப்போகாதபோது இழந்தது மாற்றியா, நீங்கள் நீக்கியதா என்று கண்டுபிடிக்க முடியாது. அழகில்லாமல் இருந்தாலும் அப்படியே கொண்டுபோய்ச் சேருங்கள். திருத்தத்தைப் புது விக்கியில் செய்தால் அதற்கும் ஒரு வரலாறு இருக்கும்.

• மாற்றியை முழுக்க நம்பாதீர்கள். பாண்டாக் மிக நல்ல கருவி. மீடியாவிக்கி, டோக்குவிக்கி, டிவிக்கி எழுத்தையெல்லாம் படிக்கும். ஆனால் மீடியாவிக்கி வார்ப்புருவை அது விரிக்காது. மார்க்டவுனின் சில வகைகளுக்கு மாற்றும்போது எச்சரிக்கை இல்லாமல் விட்டுவிடும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவோர் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. மீடியாவிக்கியில் சமக்குறி கூடக்கூடத் தலைப்பு சிறிதாகும். டோக்குவிக்கியில் கூடக்கூடப் பெரிதாகும். மீடியாவிக்கியின் இரட்டை அடைப்புக்குள் பக்கப் பெயர் முதலில் வந்து, காட்ட வேண்டிய சொல் பின்னால் வரும், டிட்லிவிக்கியில் நேர்மாறு.

• முகவரியை உடைக்காதீர்கள். நல்ல முகவரிகள் மாறக்கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதினார். மென்பொருள் மாறினால் முகவரியின் வடிவம் மாறத்தான் செய்யும். அதனால் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் புதியது எது என்று ஒரு பட்டியல் போட்டு, 301 என்ற நிரந்தர வழிமாற்றைச் சர்வரில் அமையுங்கள். தமிழ் முகவரிகளைச் சதவீதக் குறி வடிவத்திலும் சோதியுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிய பழைய லிங்க்குகள் அந்த வடிவில்தான் இருக்கும்.

• தோற்றத்தைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உள்ளே போகும் முன், வெளியே வரும் வழி என்ன என்று கேளுங்கள். விக்கிஸ்பேசஸ் 2018-இல் கடையை மூடியபோது ஆசிரியர்கள் பல ஆண்டு உழைப்பைக் கெடுவுக்குள் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஒருவரோ இருவரோ எழுதும் விக்கி என்றால், பக்கங்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வைக்கும் மென்பொருளையே நான் சிபாரிசு செய்வேன். வார்ப்புருக்கள் நிறைய இருந்தால் மீடியாவிக்கியை விட்டு விலகாமல் இருப்பது நல்லது.

• புது விக்கியை முதல் நாளே எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். மீடியாவிக்கியை நிறுவியதும் யாரும் எழுதலாம் என்ற நிலையில்தான் இருக்கும். கணக்கு உள்ளவர் மட்டும் எழுதலாம், கணக்கை நீங்கள் மட்டுமே திறக்கலாம் என்று மாற்றிவிட்டு முகவரியைக் கொடுங்கள்.

மாறிய பிறகு

பக்கம், படம், திருத்தம் மூன்றின் எண்ணிக்கையையும் முன்பு எடுத்த கணக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு கண்ணால் பாருங்கள்: சில பக்கங்களை எதேச்சையாக எடுத்து, எச்டிஎம்எல் நகலைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக. தேடல் பெட்டியில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுங்கள். எதுவும் வராவிட்டால் தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டச் சொல்லும் கட்டளை விடுபட்டிருக்கும். பழைய விக்கியின் நகலை வேறொரு கணினியில் ஒருமுறை நிறுவி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடியது என்றால் மட்டுமே பழைய ஹோஸ்டிங் கணக்கை மூடலாம். டொமைன் பெயரை மட்டும் விட்டுவிடாமல் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருங்கள். வழிமாற்றுகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.