புல்தரையும் புழக்கடைத் தோட்டமும்
சிம்மக்கல் வீடுகளுக்கு ஏற்ற ஒரு பாடம்

வீட்டைச் சார்ந்த சிறு நிலம் பசுமையாக இருக்கவேண்டுமென்று விரும்பாதவர் அரியர். ஆயினும் மதுரையில் மழைக்காலத்தில் அவசரமாகப் பதிக்கப்படும் புல்தரை, கார்த்திகையில் கண்ணைக் கவரும்படி தழைத்திருந்து, அடுத்த சித்திரையில் கருகிப்போவது உண்டு. இதற்குப் புல்லைக் குறைகூறிப் பயனில்லை. நிலத்தைப் பண்படுத்தாமல் நட்டதும், கோடை ஜலத்தைக் கணக்கிடாமல் பரப்பை நிர்ணயித்ததுமே பெரும்பாலும் காரணங்களாம். இவ்விரண்டு பிழைகளையும் விலக்கும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

1. இடமும் மண்ணும்

சிம்மக்கல், வைகையின் தென்கரைக்கும் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளுக்கும் இடையே, வடக்கு வெளி வீதியை அடுத்து உள்ளது. மதுரைக் கோட்டையின் மதில் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டது. அவ்விடத்தில் அமைந்தவையே வெளி வீதிகள். இத்தகைய பழைய குடியிருப்புப் பகுதியில் கொல்லையைக் கொத்தினால், செங்கல் துண்டும் காரையும் ஓட்டாஞ்சில்லும் அகப்படுவது வியப்பன்று. சுண்ணாம்புக் காரை மிகுதியாகக் கலந்த மண் காரத்தன்மை அடையும்; அதில் வளரும் பயிர் இரும்புச் சத்தை எளிதில் கிரகிக்கமாட்டாமல் மஞ்சளிக்கும்.

ஆகையால் முதலில் ஓரடி ஆழமுள்ள குழி ஒன்று தோண்டி, உள்ளிருக்கும் மண்ணைப் பார்த்தல் வேண்டும். பின்பு அக்குழியில் ஜலம் நிரப்பி, அது சுவறியபின் மறுபடியும் நிரப்புக. இரண்டாம் முறை ஊற்றிய ஜலம் மறுநாள் காலைவரை தேங்கி நின்றால், அடிமண் இறுகியிருக்கிறது என்று அறியலாம். அங்கே ஆழமாகக் கொத்தி, எருவும் செம்மண்ணும் கலந்தாலன்றிப் புல்லின் வேர் கீழே செல்லாது.

வெய்யிலையும் கவனிக்கவேண்டும். அருகம்புல்லுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெய்யில் தேவை. வேப்பமரத்தின் அடியிலும், உயர்ந்த சுவரின் நிழலிலும் அதை நடுவது வீண் பிரயாசையாகும்.

2. ஜலக் கணக்கு

மதுரையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவினது. அதிற் பாதிக்கு அண்மையான பங்கு வடகிழக்குப் பருவக்காற்றினால் ஐப்பசி முதல் மார்கழி வரையில் கிடைப்பது. வைகையோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கென்றே தண்ணீர் திறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆறே இவ்வாறிருக்க, கோடையில் ஒரு வீட்டுப் புல்தரைக்கு ஜலம் எங்கிருந்து வரும் என்பதை நடுவதற்கு முன்பே தீர்மானிப்பது அவசியம்.

கடுங்கோடையில் பசும்புல்லிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயரத்து ஜலம் ஆவியாகிப்போகும் என்று கொள்ளலாம். அஃதாவது, சதுர அடி ஒன்றுக்கு அரை லிட்டர். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஒரு கொல்லையை உதாரணமாகக் கொள்க. அதன் 300 சதுர அடியிலும் புல்லே நட்டால் தினமும் 150 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் அது பத்துக் குடம். தெருக்குழாயை நம்பியிருக்கும் வீட்டில் அப்பத்துக் குடமும் பெரும்பாலும் பெண்களின் இடுப்பிலேயே ஏறுவன. கண்ணுக்கு அழகான ஒரு பொருளுக்காகக் குடிஜலத்தைச் செலவிடுவதும், வீட்டாரை வருத்துவதும் தோட்ட அபிவிருத்தி ஆகமாட்டா.

ஐவர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் குளித்தால், 100 லிட்டர் குளியல் ஜலம் வீணே சாக்கடைக்குப் போகிறது. இதில் பாதியைப் புல்லுக்கும், மற்றப் பாதியை வாழை முதலியவற்றுக்கும் ஒதுக்கலாம். 50 லிட்டர் ஜலம் 100 சதுர அடிப் புல்லுக்குப் போதுமானது. ஆகவே மேற்கண்ட கொல்லையில் மூன்றில் ஒரு பங்கே புல்தரைக்கு உரியது. துணி துவைத்த ஜலத்தில் உப்புச்சத்து மிகுதி. அதைத் தொடர்ந்து ஊற்றினால் மண் இறுகிப்போகும். அதனைப் புல்லுக்கு விடலாகாது.

மழை ஜலத்தையும் மறத்தலாகாது. 500 சதுர அடி மாடியின்மேல் ஓர் ஆண்டில் விழும் மழை 39,000 லிட்டருக்கு மேற்பட்டது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கென அமைத்த குழியில் அடைந்த சேற்றை ஆண்டுதோறும் புரட்டாசியில் அள்ளிவிட்டால், கிணற்றின் ஊற்றும் உவர்ப்புக் குறைந்து பயன்படும்.

3. நிலத்தைப் பண்படுத்தல்

புல்தரைக்குப் பெரும் பகை கோரை. மேலே பிடுங்கினால் தாள் மட்டும் வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடியும் முளைக்கும். ஆகையால் வைகாசி, ஆனி மாதங்களில் நிலத்தை ஓரடி ஆழம் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கி, மண்கட்டிகளை வெய்யிலில் காயவிடுக. ஆடியில் ஒருமுறை ஜலம் தெளித்து, எஞ்சிய களைகள் முளைத்தவுடன் கிழங்கோடு தோண்டி எடுக்கவும். ஆவணியில் இதை மீண்டும் செய்க. இந்த நான்கு மாத உழைப்பைச் சுருக்க நினைப்பவர், பின்னர் மூன்று ஆண்டு களை பறிக்க நேரிடும்.

அதன்பின் 100 சதுர அடிக்கு 50 கிலோ வீதம் நன்கு மக்கிய தொழுஎருவைக் கலந்து கொத்துக. மக்காத எருவில் களைவிதைகள் உயிரோடிருக்கும், கறையானும் சேரும். தரையை மட்டம் செய்யும்போது, வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லுமாறு பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு விடவேண்டும்.

4. நடுதல்

நர்சரிகளில் விற்கும் கொரியன் புல் பார்வைக்கு மெத்தைபோல் இருப்பினும், மெதுவாகப் படர்வது, விலையும் மிகுதி. மதுரைச் சமவெளிக்குப் பொருத்தமானது அருகம்புல்லே. வெய்யிலையும் ஓரளவு உவர்ப்பையும் தாங்குவது. பிள்ளையாருக்குச் சாத்தும் இப்புல்லை அறியாதாரும் இலர். மணமக்களை வாழ்த்தும்போது அருகைப்போல் வேரூன்றுக என்பது அதன் இயல்பை அறிந்த முன்னோர் வழக்கம்.

புரட்டாசி இறுதியில், முதல் மழைக்குப்பின் நடுவது உத்தமம். கோரை கலவாத இடத்திலிருந்து கொடிகளைச் சேகரித்து, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, நான்கங்குல இடைவெளியில் ஊன்றுக. ஒரு கணுவாவது மண்ணுக்குள்ளும், நுனி வெளியிலும் இருக்கவேண்டும். ஊன்றியபின் பலகையால் மெல்லத் தட்டி, பூவாளியால் ஜலம் தெளிக்கவும். வேர்பிடிக்கும் வரை மண் உலரலாகாது.

5. பின்செய் நேர்த்தி

புல் இரண்டங்குலம் உயர்ந்தவுடன் நுனியை மட்டும் வெட்டுக. எப்பொழுதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. நன்கு படர்ந்த பின்னர் தினமும் சிறிது தெளிப்பதைவிட, மூன்று நாட்களின் ஜலத்தை ஒரே தடவையில் விடுவது மேல். அப்பொழுது ஈரம் ஆழத்தில் இறங்கும். வேரும் அதைத் தொடர்ந்து செல்லும்.

ஜலம் அறவே கிடைக்காத கோடையில் அருகு பழுப்படையும். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆழ வேரூன்றிய அருகு உறங்குமேயன்றி எளிதில் மாளாது. மழை பெய்தவுடன் மறுபடியும் துளிர்க்கும். அக்காலத்தில் உள்ள ஜலத்தை வீட்டாருக்கும் காய்கறிக்கும் கொடுத்துப் புல்லை அதன்பாட்டில் விட்டுவிடுதலே விவேகம்.

6. எஞ்சிய நிலம்

மீதி 200 சதுர அடியில், குளியலறை ஜலம் விழும் இடத்தில் இரண்டு வாழைகளும், வேலியோரத்தில் ஒரு முருங்கையும், அடுக்களை வாசலில் ஒரு கறிவேப்பிலையும் வைக்கலாம். மூன்றடி அகலப் பாத்திகளில் முளைக்கீரையை வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால், மூன்று நான்கு வாரங்களில் அறுவடை தொடங்கி இடைவிடாமல் கிடைக்கும். பாத்திக்கு நல்ல ஜலமே விடுக. வெய்யிலில் ஒரு வரிசை மல்லிகை நடலாம்; 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு ஊரிலேயே இடமில்லாமற் போகலாகாது. வெட்டிய புல்லும் அடுக்களைக் கழிவும் ஒரு மூலைக் குழியில் மக்கி, அடுத்த ஆண்டு எருவாகும்.

பயிற்சி

(1) 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள புல்தரைக்குக் கடுங்கோடையில் தினமும் எத்தனை குடம் ஜலம் வேண்டும்? (2) உங்கள் வீட்டில் ஒருநாளில் கிடைக்கும் குளியல் ஜலம் எவ்வளவு? அதில் பாதியைக்கொண்டு எத்தனை சதுர அடிப் புல்லைக் காக்கலாம்?

முதல் வினாவுக்கு விடை: நான்கு குடம். இரண்டாவதற்கு விடை வீட்டுக்கு வீடு வேறுபடும். அவ்விடையே அந்தந்த வீட்டுப் புல்தரையின் அளவு.