சார்ந்ததன் வண்ணமாதல்

உயிர் தனித்து நில்லாது, ஒன்றைச் சார்ந்தே நிற்கும், சார்ந்ததன் வண்ணமாகும். இவ்வியல்பினை மெய்கண்ட தேவர் பல நிறங்காட்டும் படிகத்தின் மேல் வைத்து விளக்கினார். பாசத்தையும் பதியையும் பற்றிப் பேசுமிடத்து இதனைப் பலகால் ஓதும் நாம், பிறர் கருத்து நம் கருத்தாய் மாறும் அன்றாட வாழ்க்கையில் இதனை மறந்துவிடுகின்றோம். உடுக்கும் உடை முதலாக நெற்றியில் நீறு பூசுதல், பூசாதொழிதல் ஈறாக, நாமே தெரிந்து கொண்டவை எத்துணை, பிறர் முகம் நோக்கிக் கொண்டவை எத்துணை என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டு உளநூற் பேராசிரியர் சாலமன் ஆஷ் என்பார் 1951-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்லதொரு சான்றாகும். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். அம்மூன்றனுள் முதற் கோட்டோடு ஒத்த நீளமுடையது யாது என்பதே வினா. தனித்திருந்து விடை கூறுவோர் நூற்றுக்கு ஒன்றினும் குறைவாகவே பிழைப்பர். ஆயின், ஓரறையிற் கூடியிருந்தாருள் ஒருவரொழிய ஏனையோர் எல்லாரும், பேராசிரியரோடு முன்னரே பேசி வைத்தபடி, ஒருங்கே பிழைபட உரைப்பர். இஃதறியாத அவ்வொருவர் யாது செய்வர்? 1956-இல் வெளிவந்த விரிந்த அறிக்கையின்படி, இங்ஙனஞ் சோதிக்கப்பட்டோர் 123 பேர். கூட்டம் பிழைத்த இடங்களில் இவர் கூறிய விடைகளுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை கூட்டத்தையே தழுவின. ஒருகாலும் வழுவாது நின்றோர் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினரே.

வழுவினோருட் சிலர், பலர் கூறுவது பொய்யாகாதென எண்ணித் தம் கண்ணையே ஐயுற்றனர். வேறு சிலர், உண்மை கண்டும் தனித்து நிற்க அஞ்சி உடன்பட்டனர். முன்னையோர்க்கு அறிவு மயங்கிற்று; பின்னையோர்க்குத் துணிவு தளர்ந்தது. சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்துக் கூறப்படும் வேடருள் வளர்ந்த அரசிளங்குமரனும் முன்னையோர் போல்வானே. தன்னைச் சூழ்ந்தோர் கண்ணாற் கண்டமையின் அவன் தன்னை வேடனென்றே துணிந்தான்.

அற்றேல், பிறர் கருத்தனைத்தையும் தள்ளித் தனித்து நிற்றலே தக்கதோவெனின், அன்று. சாராது நிற்றல் உயிர்க்கு இயல்பன்று. பிறர்க்கு மாறானது என்பது பற்றியே ஒன்றைத் தெரிபவனும் பிறர் கருத்தாலேயே ஆளப்படுகின்றான். மற்று யாது செய்யத்தகுமெனின், அச்சோதனையே வழி காட்டும். கூட்டத்துள் ஒருவர் மட்டும் மெய் கூறுமாறு செய்தபோது, பிழைகள் முன்னிருந்தவற்றுள் நான்கிலொரு பங்காகக் குறைந்தன. அத்துணைவர் இடையிற் கூட்டத்தோடு சேர்ந்துவிடின், பிழைகள் பழையபடி பெருகின. ஏதோவொரு காரணங் கூறி அவர் அறையைவிட்டு நீங்கினாராயின், அவர் தந்த உறுதி ஓரளவு பின்னும் நின்றது.

இங்கு நுனித்து உணரற்பாலது ஒன்றுண்டு. கூட்டம் தன் நிறத்தை ஏற்றியது. துணைவரோ புதியதொரு நிறத்தைத் தந்தாரல்லர், அவன் கண் கண்டதனை அவனே நம்புமாறு செய்தார். குமரனுக்கு அரசன் வந்து உணர்த்தியதும் இத்தகையதே. அவன் இல்லாத ஒன்றை ஈந்திலன், உள்ளதனைக் காட்டினான். மலங் கழீஇய பின்னரும் அன்பரொடு மருவுதலைப் பன்னிரண்டாஞ் சூத்திரம் வேண்டுவது இக்கருத்துப் பற்றியுமாம்.

இனி, கூட்டமென்பது அயலார் கூட்டம் மட்டுமன்று. பாடங் கேட்குமிடத்து மூத்தோர் ஒரு பொருள் கூற, மாணவர் தம் ஐயத்தை விழுங்கித் தலையசைத்தலைக் கண்டிருக்கின்றோம். நாமும் அங்ஙனம் செய்ததுண்டு. அத்தலையசைப்பு பணிவு போலத் தோன்றினும், கோட்டின் நீளத்தைக் கண்டுவைத்தும் பிழைபட உரைத்தார் செயலோடு ஒப்பதேயாம். மேற்கோளை நிறுவ ஏதுவும் எடுத்துக்காட்டும் உடன் வைத்த ஆசிரியர் நூலைக் கற்போர்க்கு அது பொருந்தாது. நீறணிதலும் எல்லாரும் அணிதலின் அணிந்ததாயின், எல்லாரும் ஒழியுமிடத்து ஒழிந்துபோம்.

ஆகலின், ஒன்றைத் தெரியுமுன், இவரெல்லாரும் இல்லாதவிடத்தும் இதனையே கொள்வமோ என நம்மை நாமே வினவுதல் வேண்டும். விடை துணியப்படாதாயின், நம் கண்ணை நமக்கு மீட்டுத் தருவாரை நாடிச் சார்வோமாக. பிறரொருவர் தனித்து நின்று மெய் கூறக் காணின், வாளா இராது அவர்க்கு அவ்விரண்டாவது குரலாக நிற்போமாக.