வருமானம்: இல்லை

உரைநடைப் பாடம்

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. நம்மில் பலர் அதில் 'இல்லத்தரசி' என எழுதுகிறோம். அடுத்த கட்டம் 'மாத வருமானம்'. அதில் ஒரு சிறு கோடு இடுகிறோம். அல்லது 'இல்லை' என்று எழுதுகிறோம். ஒரு கட்டத்தில் அரசி. மறு கட்டத்தில் வெறுங்கை. இவ்விரு கட்டங்களுக்கும் இடையே உள்ள முரண்பாட்டைப் பற்றியதே இப்பாடம்.

மாணவர்களே, முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'இல்லாள்' என்றால் இல்லத்திற்கு உரியவள். அதன் ஆண்பால் போலத் தோன்றும் 'இல்லான்' என்னும் சொல்லுக்கோ வறியவன் என்று பொருள். முன்னதில் 'இல்' என்பது வீடு. பின்னதில் 'இல்' என்பது இன்மை. வீட்டிலிருந்து குழந்தையை வளர்க்கும் ஆணுக்கு வழக்கில் ஒரு பெயரே அமையவில்லை. இன்றும் அப்படி ஒரு தந்தையைக் கண்டால், "வேலை போய்விட்டதா?" என்றுதான் அக்கம்பக்கத்தார் கேட்கின்றனர். அரசு விதிகளும் பெரிதும் வேறுபடவில்லை. மத்திய அரசில் பணிபுரியும் பெண்ணுக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாட்கள் உண்டு. 2018 இறுதியில் அது ஆண்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால், துணையின்றித் தனித்துக் குழந்தையை வளர்க்கும் தந்தைக்கு மட்டுமே. மனைவி இருக்கும்போது குழந்தை வளர்ப்பு கணவனின் வேலையன்று என்பது அவ்விதியின் உட்கருத்து.

சங்க இலக்கியம் இப்பணியை எங்கே வைத்தது? புறநானூற்றின் 312ஆம் பாடலைப் பாடிய பொன்முடியார் ஒரு பெண்பாற் புலவர். மகனைப் பெற்று வளர்ப்பது, அவனைச் சான்றோன் ஆக்குவது, வேல் வடிப்பது, ஆட்சி நடத்துவோன் செய்ய வேண்டியது எனத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோரின் கடமைகளை அவர் ஒரே வரிசையில் அடுக்குகிறார். அது போர்க்காலப் பாடல். அதன் நோக்கம் போருக்கு வீரனை ஆயத்தம் செய்வது. அந்நோக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், கொல்லனின் உலைக்களமும் வேந்தனின் அரண்மனையும் நிற்கும் வரிசையில் தாயின் உழைப்பும் நிற்பது கவனிக்கத்தக்கது.

நாட்டு வருமானக் கணக்கில் அவ்வரிசை கலைந்துவிடுகிறது. ஓர் உழவர் தம் வீட்டுத் தேவைக்காகவே கோதுமை விளைவித்தாலும் அது கணக்கில் சேரும். அக்கோதுமையைச் சப்பாத்தியாக்கிப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் உழைப்பு சேராது. பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் கூலி கொடுத்து வைத்திருந்த வீட்டுப் பணிப்பெண்ணைத் திருமணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும்! சமைப்பவர் அவரே, சமையலும் அதுவே, கூலி மட்டும் நின்றுவிட்டது. நம் நாட்டிலேயே இதற்கு மறுபக்கச் சான்று உண்டு. நூறு நாள் வேலை என்று ஊரார் அழைக்கும் திட்டத்திற்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்திற்கு வரும் ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் ஐவர் அல்லது அதற்கு மேல் இருப்பின், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, மண் வெட்டுபவருக்குரிய அதே கூலியை அவருக்கும் தரச் சொன்னது. வேப்பமரத்தடியில் பிறர் குழந்தையைத் தாலாட்டினால் அது வேலை. மாலையில் வீடு திரும்பித் தன் குழந்தையைத் தாலாட்டினால் அது வேலையன்று!

இவ்வுழைப்பின் அளவு தெரியாமல் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடு முழுவதும் ஆராய்ந்தது. ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அவ்வாய்வு கூறியது. குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோரைப் பேணும் நேரம் தனி: பெண்ணுக்கு 134 நிமிடங்கள், ஆணுக்கு 76 நிமிடங்கள்.

இவ்வுழைப்புக்கு ரூபாயில் மதிப்பிட்டவை நீதிமன்றங்கள். எப்போது என்பதுதான் நெஞ்சை உறுத்துவது: அப்பெண் இறந்த பிறகு. 1989இல் ஜாம்ஷெட்பூரில் நிகழ்ந்த தீ விபத்தில் பலர் மாண்டனர். அவர்களுள் இல்லத்தரசிகளும் இருந்தனர். அவர்களுக்கு வருமானம் இல்லையே, இழப்பீட்டை எவ்வாறு கணக்கிடுவது? 2001இல் உச்ச நீதிமன்றம், 34 முதல் 59 வயது வரையிலான இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. தொகை சிறிதுதான்; ஆயினும் சுழியம் அன்று. 2010இல் மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போர், சிறைவாசிகள் முதலியோருடன் ஒரே வகையில் சேர்த்ததைக் கண்டித்தது.

உயிருடன் இருக்கும்போதே மதிப்பளித்த தீர்ப்பு ஒன்றும் உண்டு. அது 2023 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கியது. கணவர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குழந்தைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தினார். அப்பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு உரியது என்று வழக்கு எழுந்தது. மனைவி வீட்டைக் காத்ததனால்தான் கணவரால் பொருள் ஈட்ட முடிந்தது. எனவே, அவருக்கும் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி.

இத்தீர்ப்பு நம்மைப் போன்று வெளிமாநிலங்களில் வாழ்வோருக்கு மிக நெருக்கமானது. சொந்த ஊரில் ஒரு குழந்தையை வளர்ப்பவர் ஒருவர் அல்லர். பாட்டி குளிப்பாட்டுவார், சித்தி சோறூட்டுவார், எதிர்வீட்டு ஆச்சி ஒரு நாழிகை மடியில் வைத்துக்கொள்வார். நாகபுரியிலோ போபாலிலோ உள்ள அரசுக் குடியிருப்பில் அத்தனை பேரின் வேலையும் ஒருவர் தலையில் விழுகிறது. காய்கறி வாங்கவும் மருத்துவரிடம் நோயைச் சொல்லவும் அவர் புது மொழி ஒன்றைக் கற்றாக வேண்டும். அவரே மாலையில் உங்களுக்கு ழகரத்தையும் ளகரத்தையும் திருத்துகிறார். நீங்கள் இப்பாடத்தைத் தடையின்றிப் படிக்கிறீர்கள் எனில், அதில் வகுப்பறையின் பங்கு சிறிது. வாரத்தில் எனக்குக் கிடைக்கும் பாடவேளைகள் மிகச் சில.

பணிமாறுதல் ஆணை ஒருவர் பெயருக்கு வருகிறது. மூட்டை கட்டுபவர், மாற்றுச் சான்றிதழுக்கு அலைபவர், புது ஊரில் பால்காரரைத் தேடுபவர் பெரும்பாலும் மற்றொருவர். உங்கள் அன்னையருள் ஆசிரியப் பயிற்சி பெற்றவரும், செவிலியர் பட்டயம் பெற்றவரும் உளர். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும் குடும்பத்தில் அவர்கள் தம் பணியைத் தொடர முடியவில்லை. இதனை விருப்பம் என்பதா, வேறு வழியின்மை என்பதா? வீட்டுக்கு வீடு விடை மாறும். கேட்டறியாமல் முடிவு செய்தல் கூடாது.

"அன்புக்கு விலை பேசலாமா?" என்று சிலர் வினவுவர். அன்புக்கு விலை இல்லை. பாத்திரம் துலக்குவதற்கு உண்டு. தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று, தகுதியுடைய மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதன் பெயரில் உதவித்தொகை என்று இல்லாமல் உரிமைத்தொகை என்று இருப்பது பொருத்தமே. ஆனால், 'பணம் கொடுத்தாயிற்று, இனி வீட்டுவேலை முழுவதும் அவளுடையது' என்னும் எண்ணம் வளருமோ என்ற அச்சமும் நியாயமானது. சொத்தில் பங்கு, முதுமையில் பாதுகாப்பு, வேலையில் ஆண்களின் கை ஆகிய மூன்றும் இன்றித் தொகை மட்டும் போதாது என்பதே என் கருத்து. உங்கள் கருத்து வேறாயின் ஐந்தாம் வினாவில் எழுதுக.

சொற்பொருள்

இன்மை – இல்லாதிருத்தல், வறுமை
கடமை – செய்தே ஆக வேண்டிய செயல்
உலைக்களம் – கொல்லர் இரும்பு காய்ச்சும் இடம்
சுழியம் – பூச்சியம்
பட்டயம் – பயிற்சி முடித்ததற்கான சான்று

பயிற்சி

1. 'இல்லாள்', 'இல்லான்' ஆகிய சொற்களில் 'இல்' என்பதன் பொருள் எவ்வாறு வேறுபடுகிறது?
2. பிகூ சுட்டிய விந்தையை உங்கள் சொற்களில் விளக்குக.
3. பிரித்து எழுதுக: இல்லத்தரசி, உரிமைத்தொகை, வேப்பமரத்தடி.
4. வீட்டுப் பணியையும் பேணும் பணியையும் கூட்டினால், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை நிமிடங்கள்?
5. வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்ப்போருக்கு மாதத்தொகை வழங்குவது பற்றி உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
6. உங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, அவரிடம் கேட்டு எழுதுக: இவ்வூருக்கு வருமுன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?