விடுமுறையில் நழுவிப் போகும் கல்வி



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து விட்டார்கள். இனி ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வரை ஏறக்குறைய ஒன்றரை மாதம் அவர்கள் நம்முடைய பொறுப்பில் இருப்பார்கள்.

குர்ஆனை மனனம் செய்தவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் ஓர் எச்சரிக்கை செய்தார்கள். கட்டிப் போட்ட ஒட்டகம் கயிற்றை விடுவித்துக் கொண்டு ஓடுவதை விட வேகமாகக் குர்ஆன் நெஞ்சிலிருந்து நழுவி விடும், ஆகவே அதைத் தொடர்ந்து பேணி வர வேண்டும் என்பது அதன் கருத்து. (புகாரி 5033)

ஹிஃப்ழு மதரஸாவில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதுப்பாடத்தை விடப் பழைய பாடத்துக்குத் தான் அங்கே அதிக நேரம் செலவாகிறது. பழைய பாடத்தை ஒப்பிக்காத மாணவருக்கு உஸ்தாது புதுப்பாடம் கொடுக்க மாட்டார். குர்ஆனுக்காகச் சொல்லப்பட்ட இந்த எச்சரிக்கையை நாம் கணக்குக்கும் தமிழுக்கும் சேர்த்தே எடுத்துக் கொள்ளலாம். எந்தக் கல்வியானாலும் திரும்பப் பார்க்காவிட்டால் போய் விடும்.

மக்தபில் ஒவ்வொரு ஜூன் மாதமும் நாங்கள் இதைப் பார்க்கிறோம். மார்ச்சில் யாஸீன் சூராவைப் பார்த்துச் சரளமாக ஓதிய பிள்ளை ஜூனில் எழுத்துக் கூட்டுகிறது. அத்தஹிய்யாத் பாதியில் நிற்கிறது. ஓராண்டு உழைப்பில் சில மாதங்கள் இப்படி வீணாகின்றன.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய ஆதாரம் இருக்கிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று தான் திறந்தன. கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளை விட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழில் ஏற்பட்ட இழப்பை விடக் கணக்கில் ஏற்பட்ட இழப்பு அதிகம். ஆனால் அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பள்ளிக்கூடம் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு விட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, மாலை நேரத்தில் தெருத்தெருவாக நடந்த 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் கிடைத்தது. அவற்றை நடத்திய தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊரின் படித்த பெண்கள். மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம், அக்கறையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

பாடத்துக்காக என்று சொல்லி நாம் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்ததும் அந்தக் காலத்தில் தான். பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி விட்டது. போன் இன்னும் பிள்ளையிடமே இருக்கிறது.

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. திருப்பூரில் அத்தாவும் அம்மாவும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து விட்டு வருகிறார்கள். கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் ஒற்றை அறை வீடுகள் எத்தனை! மே மாத வெயிலில் பிள்ளை வெளியே போகாமல் சத்தமில்லாமல் இருந்தால் போதும் என்று தான் தோன்றும். நன்னியின் கையில் பேரனை ஒப்படைத்தால், போனைக் கொடுத்தால் தான் அவன் சாப்பிடுகிறான் என்கிறார் நன்னி. கஷ்டம் புரிகிறது. ஆனாலும் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் (புகாரி 893) என்ற நபிமொழியில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு விலக்கு எதுவும் இல்லை.

அந்தப் போனில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். யூடியூப் ஷார்ட்ஸுக்கும் ரீல்ஸுக்கும் முடிவு கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்து கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கே நிறுத்த முடியவில்லை, ஆறு வயதுப் பிள்ளை எப்படி நிறுத்தும்? பிள்ளை பார்ப்பது அத்தாவின் கணக்கில். பார்ப்பவர் நாற்பது வயதுக்காரர் என்று நினைத்துக் கொண்டு அது வீடியோவையும் விளம்பரத்தையும் எடுத்துப் போடும்.

இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, ஒரு வயதுக் குழந்தைக்கு அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்தது. ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் பிள்ளைக்கெனத் தனிக் கணக்கு தொடங்கி இந்த நேரத்தை அமைத்து விடலாம். நேரம் முடிந்ததும் அதுவே பூட்டிக் கொள்ளும்.

போனைப் பிடுங்குவதற்குச் சில வீடுகளில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சார்ஜ் இல்லை, நெட் தீர்ந்து விட்டது, போனைப் போலீஸ் வாங்கிக் கொண்டு போய் விட்டது என்று சொல்கிறார்கள். ஒரு தாய் தன் மகனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தார். என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீத்தம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உங்கள் மீது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று பெருமானார் எச்சரித்தார்கள். (அபூதாவூத் 4991) நேரம் முடிந்து விட்டது, இனி கிடையாது என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை அழும். பத்து நிமிடம் அழட்டும்.

பிடுங்கினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். போனை வாங்கி வைத்துக் கொண்டு பையனைத் தெருவில் விட்டால், மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுக்கோ பொள்ளாச்சிப் பக்கம் பி.ஏ.பி. வாய்க்காலுக்கோ போவான். துணையில்லாமல் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதை அறவே அனுமதிக்காதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த போது ஜைத் பின் ஸாபித் (ரலி) பதினோரு வயதுச் சிறுவர். அப்போதே பத்துக்கும் மேற்பட்ட சூராக்களை மனனம் செய்திருந்தார். பின்னர் யூதர்களின் எழுத்தைக் கற்றுக் கொள்ளும்படி பெருமானார் அவருக்குக் கட்டளையிட்டார்கள். பதினைந்து நாட்களுக்குள் கற்று முடித்தார். (திர்மிதீ 2715) அபூபக்கர் (ரலி) அவர்கள் குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பை ஒப்படைத்தது இந்த ஜைதிடம் தான். நம் பிள்ளைகளிடம் இருப்பதோ நாற்பது நாள்! இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாவது படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்ச் செய்தித்தாள் படிக்க வரவில்லை. அந்தப் பிள்ளை நாளைக்குக் குர்ஆன் தமிழாக்கத்தை எப்படிப் படிக்கும்? தினம் ஒரு பக்கம் நன்னிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நன்னிக்கும் நேரம் போகும்.

நம் ஊரில் வெயில் ஏறுவதற்கு முந்திய நேரம் அருமையானது. காலைப் பொழுதில் தம் உம்மத்துக்கு பரக்கத் வேண்டி நபியவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். (திர்மிதீ 1212) பஜ்ருக்குப் பிறகு ஓதுவதும் எழுதுவதும் பத்து மணிக்குள் முடிந்து விடட்டும். இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லாப் போன்களும் ஓரிடத்தில் இருக்கட்டும், அத்தாவின் போன் உட்பட. இஷாவுக்குப் பின் பேசிக் கொண்டிருப்பதையே பெருமானார் விரும்பியதில்லை. (புகாரி 568)

வாரத்தில் ஒரு நாள் வெளியே அழைத்துப் போங்கள். கவுலி பிரவுன் சாலையில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. கோவையிலேயே பிறந்து வளர்ந்து அதைப் பார்க்காதவர்கள் இந்த சஃப்பிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். மாவட்ட மைய நூலகமும் ஆர்.எஸ்.புரத்தில் தான். சாதாரண டவுன் பஸ்ஸில் தாய்மார்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவும் அதிகம் ஆகாது.

இன்னொரு விஷயம். லீவில் சும்மா தானே இருக்கிறான் என்று பையனை பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கோ செல்போன் கடைக்கோ அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 14 வயது நிறையாத பிள்ளையைப் பிறர் நிறுவனத்தில் வேலைக்கு வைப்பது சட்டப்படியே குற்றம். பத்தாவது எழுதிய பையனுக்கு வாரச் சம்பளத்தின் ருசி தெரிந்து விட்டால் ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்புவது கடினம். வீட்டில் கஷ்டம் என்றால் ஜமாஅத்தில் வந்து சொல்லுங்கள். ஃபீஸுக்கு வழி பார்க்கலாம்.

நமது பள்ளிவாசலில் திங்கட்கிழமை முதல் பஜ்ருக்குப் பிறகு கோடைக்கால தீனிய்யாத் வகுப்பு தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ். பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாக்கள் தனியாக நடத்துவார்கள். இதை வீட்டில் படிக்கும் தாய்மார்களும் பெயர் கொடுத்தனுப்பலாம். ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயருக்கு எதிரில், அவன் கடைசியாக எந்த சூரா வரை மனனம் செய்திருக்கிறான் என்று எழுத வேண்டும். தெரியாத அத்தாமார்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கேட்டு விட்டு, அஸருக்கு வந்து எழுதுங்கள்.